அடுத்தடுத்து வைத்துக் கேட்போம்

(பழைய பாட்டும் புதிய பாட்டும் பற்றிக் கிழக்கிலங்கைக் கோமாரியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கோமாரிப் பெரியவர்களே, தாய்மாரே, பொத்துவிலில் இருந்தும் திருக்கோவில், தம்பிலுவில், அக்கரைப்பற்றுப் பக்கமிருந்தும் பஸ் ஏறி வந்திருக்கும் அன்பர்களே, முன்னால் பாயில் இருக்கும் பிள்ளைகளே,

கேட்க வேண்டிய பழைய பாட்டுகளும் புதிய பாட்டுகளும் என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் இரண்டு கட்சி பிரித்து ஒரு பட்டிமன்றமே நடத்தலாம். நான் அதற்கு வரவில்லை. 1976-ல் 'அன்னக்கிளி' வந்தபோது முகம் சுளித்த பெரியவர்கள் இருந்தார்கள். 1992-ல் 'ரோஜா' வந்தபோது அன்னக்கிளிக் காலத்தவர்கள் முகம் சுளித்தார்கள். ரோஜாவைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்றைக்குத் தம் பிள்ளைகளின் போனில் ஒலிக்கும் பாட்டுக்கு முகம் சுளிக்கிறார்கள். இந்தச் சண்டைக்கு முடிவு கிடையாது. அதில் பொழுதைப் போக்கினால் பாட்டுக் கேட்கப் பொழுது மிஞ்சாது.

நான் சொல்லும் வழி வேறு. ஒரு பழைய பாட்டை எடுங்கள். அதற்கு உறவான ஒரு புதிய பாட்டைத் தேடி எடுங்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டு, முழுதாக, வேறு வேலை செய்யாமல் கேளுங்கள். கேட்கும்போது எழுதியது யார், மெட்டமைத்தது யார், பாடியது யார் என்று விசாரியுங்கள். அந்தப் பெயர்கள் தெரிந்தால்தான் ஒரு பாட்டு எங்கே பிறந்து எந்த வழியாக நம்மிடம் வந்தது என்பது பிடிபடும். உரியவருக்கு உரிய மரியாதையும் அப்போதுதான் போய்ச் சேரும்.

பெயர் சொல்லிப் பாட்டுப் போடுவது நம் நாட்டு வானொலி வளர்த்த பழக்கம். 1952-ல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் திரைப்பாட்டுக்குக் கதவை அடைத்தார். இந்தியா முழுக்க மக்கள் இலங்கை வானொலியின் பக்கம் திரும்பினார்கள். 1957-ல் விவித் பாரதி தொடங்கிய பிறகும், தமிழ்நாட்டு வீடுகளில் கொழும்பின் தமிழ்ச் சேவை நீண்ட காலம் ஒலித்தது. எஸ். பி. மயில்வாகனம், ராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீத் போன்றவர்கள் பாட்டைப் போடுமுன் படம், கவிஞர், இசையமைப்பாளர், பாடகர் என்று வரிசையாகச் சொல்லுவார்கள். அதைக் கேட்டுக் கேட்டு, எழுதப் படிக்கத் தெரியாத உம்மம்மாமாருக்கும் இது கண்ணதாசன் பாட்டு, இது சுசீலாவின் குரல் என்று சொல்லத் தெரிந்தது. இப்போது போனில் பாட்டு வருகிறது, படத்தின் பெயரும் நடிகரின் முகமும் வருகின்றன. எழுதியவர் பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. பாயில் இருக்கும் பிள்ளைகளே, தேடி எடுக்கும் அந்த வேலையை நீங்கள் செய்யுங்கள்.

இனிப் பாட்டுகளுக்கு வருகிறேன். கோமாரியில் கடலை விட்டுவிட்டு வேறெங்கிருந்து தொடங்குவது? இத்தீவின் கிழக்கு அந்தமான சங்கமன்கண்டி முனை உங்கள் பக்கத்தில் இருக்கிறது. கடற்பாட்டு முதலில் வரட்டும்.

கரைவலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டை இங்கிருக்கும் மூத்தவர்கள் கேட்டிருப்பீர்கள், சிலர் பாடியும் இருப்பீர்கள். பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டுவிட்டுத் தோணி கடலுக்குள் போகும். வலையை வளைத்துப் போட்டுக்கொண்டு வந்து, மறு தலைப்பைத் தூரத்தில் கரை சேர்க்கும். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். மடி கரைக்கு வர மணிக்கணக்காகும். ஒருவர் அடி எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் சேர்ந்து பதில் சொல்வார்கள். அவர் அடி எடுக்கும்போது கை இளகும், கால் மணலில் இடம் பிடிக்கும். பதில் வரும் அந்த நொடியில் எல்லா முதுகும் ஒன்றாகப் பின்னுக்குச் சாயும், கயிறு மேலே ஏறும். மத்தளம் வேண்டியதில்லை, இழுப்பே தாளம். மடி நெருங்க நெருங்க வேகம் கூடும். ஆண்டவனை அழைக்கும் அடியும் வரும், பக்கத்தில் இழுப்பவனைக் கேலி செய்யும் அடியும் வரும், வலை முதலாளியான சம்மாட்டியைக் குத்தும் அடியும் வரும். பாட்டு அந்த இடத்திலேயே பிறக்கும். அடி எடுப்பவரின் சாமர்த்தியம் அது.

பிறகு பல கரைகளில் ட்ரெக்டரும் வின்ச்சும் வலையை இழுக்கத் தொடங்கின. ஆட்களின் முதுகு தப்பியது நல்லதுதான். ஆனால் பாட்டுக்கு இருந்த வேலை போய்விட்டது.

அம்பாப் பாட்டுக்கு அடுத்ததாக 'படகோட்டி'யை வையுங்கள். 1964 தீபாவளிக்கு வந்த படம். பாட்டெல்லாம் வாலி, இசை விஸ்வநாதன் ராமமூர்த்தி. அதில் டி. எம். சௌந்தரராஜன் பாடிய 'தரைமேல் பிறக்க வைத்தான்' மீனவர் வீடுகளில் குடும்பப் பாட்டாகவே ஆகிவிட்டது. வாலி ஸ்ரீரங்கத்தில், காவிரிக் கரையில் வளர்ந்தவர். வலை இழுத்த கை அல்ல அவருடையது. இருந்தும், கடலுக்குப் போனவர் வருவாரா என்று கரையில் நிற்கும் குடும்பத்தின் பாரம் அவர் எழுத்தில் வந்து இறங்கியிருக்கிறது. சௌந்தரராஜன் அதை அழுது பாடவில்லை. நெஞ்சை நிமிர்த்தி, குரலைத் திறந்து பாடுகிறார். துயரத்தைச் சொல்லும் பாட்டை இப்படி நிமிர்ந்து பாடுவதால்தான் அது புலம்பலாக இல்லாமல், ஒரு சனத்தின் முறையீடாகக் கேட்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் அந்தப் பாட்டைக் கேட்பது எப்படியிருக்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவதாக, 2013-ல் வந்த 'கடல்' படத்திலிருந்து 'நெஞ்சுக்குள்ளே'. வைரமுத்து எழுத, ஏ. ஆர். ரகுமான் இசையில் சக்திஸ்ரீ கோபாலன் பாடியது. கதை நடப்பது ஒரு மீனவக் கிராமத்தில். சௌந்தரராஜன் கடலுக்கும் கேட்கும்படி பாடினார் என்றால், இந்தப் பெண் தனக்கு மட்டும் கேட்டால் போதும் என்பதுபோலப் பாடுகிறார். கரையில் நிற்கும் பெண்ணின் குரல் பழைய படங்களில் பெரும்பாலும் காத்திருக்கும் குரல், அழும் குரல். இங்கே அவள் தன் ஆசையைத் தானே சொல்கிறாள், நாட்டுப்புறப் பேச்சில், அவசரமே இல்லாமல். மூன்றையும் ஒரே இருப்பில் கேட்டுப் பாருங்கள்.

கடலுக்கு முதுகைத் திருப்பினால் வட்டை, அதாவது நெல்வயல். அங்கே கவி.

நெற்பயிருக்குக் காவல் இருக்கும் முல்லைக்காரர் இரவில் பரணில் இருந்து பாடும் கவி இந்த அம்பாறை, மட்டக்களப்புப் பிரதேசத்தின் பெரிய சொத்து என்பது என் உறுதியான எண்ணம். வாத்தியம் கிடையாது. நாலே நாலு அடி. அடியின் கடைசி எழுத்தை இழுத்து, காற்றில் விட்டு, அது அடங்கும்வரை நிறுத்தி, பிறகுதான் அடுத்த அடி. அப்படி இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. தூரத்துப் பரணில் இருப்பவருக்குக் கேட்க வேண்டும். கேட்டவர் அங்கிருந்து பதில் கவி விடுவார். யானையையும் பன்றியையும் விரட்ட விழித்திருக்க வேண்டிய இரவு அப்படி விடியும்.

பாடியவர்கள் ஆண்கள் மட்டுமல்ல. நெல் குற்றும் இடத்திலும் பாய் இழைக்கும் இடத்திலும் பெண்கள் கவி கட்டினார்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத மச்சானைப் பற்றி, சீதனத்துக்காக ஒதுங்கிப் போன மச்சானைப் பற்றி, வயல் சொந்தக்காரரான போடியாரின் கணக்கில் குறைந்துபோன கூலியைப் பற்றி. பகலில் வாய் திறந்து சொல்ல முடியாத வழக்கை எல்லாம் அவர்கள் கவியில் வைத்தார்கள். தமிழ் வீட்டிலும் முஸ்லிம் வீட்டிலும் அந்த மெட்டு ஒன்று. உறவுமுறைச் சொல்லிலும், யாரை நோக்கிக் கை ஏந்துகிறார்கள் என்பதிலும் மட்டுமே வேறுபாடு. மெட்டை யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று பிரித்துக் காட்ட ஒருவராலும் முடியாது. அடுத்தடுத்த வட்டையில் விதைத்தவர்கள் ஒருவர் பாட்டை ஒருவர் கேட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். நிந்தவூர் எஸ். முத்துமீரான் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்துத் தந்தாரே, அந்த உழைப்புக்கு நாம் இன்னும் முழுக் கடன் தீர்க்கவில்லை. அவர் புத்தகத்தில் சொல் இருக்கிறது. அந்தச் சொல்லின் இழுப்பும் நிறுத்தமும் பாடத் தெரிந்தவரின் தொண்டையில்தான் இருக்கின்றன.

இப்போது 'அன்னக்கிளி'க்கு வாருங்கள். பஞ்சு அருணாசலம் எழுதி, எஸ். ஜானகி பாடிய 'மச்சானைப் பாத்தீங்களா'. இளையராஜாவின் முதல் படம். தமிழ்நாடே அதைப் புதுமை என்று கொண்டாடியது. ஆனால், மச்சானை ஊரெல்லாம் விசாரித்துத் திரியும் பெண் குரல் நம்முடைய உரலடிக்குப் புதிதா? பண்ணைப்புரத்து வயலோரம் கேட்டு வளர்ந்ததை இளையராஜா வாத்தியக் கூட்டத்தோடு சேர்த்துத் திரைக்குக் கொண்டுவந்தார். அம்மம்மாவுக்கு ஒரு கவி பாடத் தெரியுமானால் முதலில் அவரைப் பாடச் சொல்லுங்கள். உடனே ஜானகியைப் போடுங்கள். இரண்டு பெண்களும் ஒரே வழக்கைப் பேசுவது கேட்கும்.

அதற்கும் அடுத்ததாக 'எஞ்சாய் எஞ்சாமி'. 2021 மார்ச்சில் வந்தது. அறிவு, தீ ஆகிய இருவரும் பாடியது, சந்தோஷ் நாராயணன் தயாரித்த இசை. பிள்ளைகள் இதற்கு ஆடியிருப்பீர்கள். ஆடுங்கள், பாட்டு அதற்கும் தகுந்ததுதான். ஒருமுறை ஆடாமல் இருந்து கேளுங்கள். நடுவில் ஒப்பாரி வருகிறது. அந்தப் பாட்டுக்கு ஊற்று அறிவின் பாட்டி வள்ளியம்மாள். அவர் நம் நாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழ்நாட்டுக்குத் திரும்பிய பெண். 1964-ல் கையெழுத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில், மலையகத்து மக்கள் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று இரண்டு அரசாங்கங்களும் உடன்பட்டன. தாங்கள் நட்ட செடியைக்கூடத் தமதென்று சொல்ல முடியாமல் கப்பல் ஏறிய அந்தக் கூட்டத்தின் குரல் இந்தப் பாட்டுக்குள் இருக்கிறது. உலகம் முழுவதும் கோடிக்கணக்கான தடவை கேட்கப்பட்ட ஒரு பாட்டின் வேர் கொழுந்து மலையில் இருக்கிறது என்பது இலங்கைப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெயர் கேட்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இந்தப் பாட்டே சாட்சி. 2021-ல் ஒரு பிரபல இசைச் சஞ்சிகை இப்பாட்டின் புகழைச் சொல்லி வெளியிட்ட அட்டையில் அறிவின் முகம் இல்லை. பலர் குரல் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு சென்னையில் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பாட்டு மேடையேறியபோதும் அவர் அங்கே இல்லை. பாட்டு யாருடைய உழைப்பு என்பது பெரிய வாதமாகவே எழுந்தது. அந்த வழக்கின் எல்லாப் பக்கத்தையும் நான் இங்கே அவிழ்க்கப் போவதில்லை. பெயரும் புகழும் வழக்கறிஞரும் உள்ள உலகத்திலேயே இது நடக்கிறது என்றால், பரணில் பாடிய நம் முல்லைக்காரரின் கவியை நாளை ஒருவர் எடுத்துப் படத்தில் போட்டால் யார் போய்க் கேட்பது?

அடுத்து, பக்திப் பாட்டு. ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வாத்தியத்தோடு பாடுவது கூடாது என்று கருதுகிறவர்கள் எங்கள் முஸ்லிம் சமூகத்தில் இருக்கிறார்கள். அவர்களோடு வாதாட நான் வரவில்லை. அவர்கள் ஏற்கும் இடத்திலேயே தொடங்குவோம். மௌலிது மஜ்லிஸில் ராகமெடுத்து ஓதும் பைத்தைக் கூர்ந்து கேளுங்கள். தலைவர் ஓத, சபை மீட்டிச் சொல்லும் முறையும், அம்பாப் பாட்டின் எடுப்பும் பதிலும் எவ்வளவு நெருக்கமானவை என்று தெரியும். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் நாகூர் ஆண்டகை பெயரில் கொடியேறும் நாட்களில் பாவாமார் தாயிரா தட்டிப் பாடுவார்கள். நோன்பு மாதத்தில் சஹருக்கு எழுப்ப வரும் பாவாவின் குரலைப் பொத்துவில்காரர்கள் அறிவீர்கள். தம்பிலுவில்லிலும் காரைதீவிலும் வைகாசியில் கண்ணகை அம்மன் குளிர்த்திப் பாட்டுக் கேட்கும். மதுரையை எரித்துவிட்டு வந்த தாயின் கோபத்தை ஆற்றப் பாடுகிற பாட்டு அது. அந்த இறக்கமான மெட்டை ஆறுதல் தேவைப்படும் யார் கேட்டாலும் மனம் இளகும். சில கோயில்களில் வருடத்தில் சில நாட்களுக்கு மட்டுமே ஒலிக்கும் பாட்டு என்பதால், அந்த நாட்களில் தவறாமல் போய்க் கேளுங்கள்.

இவற்றோடு நாகூர் ஈ. எம். ஹனீபாவை வையுங்கள். 1925 டிசம்பர் 25-ல் பிறந்து 2015 ஏப்ரல் 8-ல் மறைந்தவர். முறையாகச் சங்கீதம் பயின்றவர் அல்லர். ஒலிபெருக்கி இல்லாமலே ஒரு மைதானத்தை நிரப்பக்கூடிய குரல். 'இறைவனிடம் கையேந்துங்கள்' அவருடைய பாட்டு என்று எல்லாருக்கும் தெரியும். எழுதியவர் ஆர். அப்துல் சலாம். அந்தப் பெயரை எத்தனை பேர் அறிவோம்? அந்தப் பாட்டை இந்துக்களும் கிறிஸ்தவர்களும் தம் பாட்டாகவே எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அப்துல் சலாமின் எழுத்து. கேட்பவர் யாராயினும் கொடுப்பவன் ஒருவன் என்ற ஒரே உறுதியில் பாட்டு நிற்கிறது, வேறு எந்தப் பெயரையும் அது இடையில் வைக்கவில்லை. ஹனீபாவும் அதைக் கெஞ்சிப் பாடாமல், நம்பியவனின் தெம்போடு பாடினார். 1961-ல் வந்த 'பாவமன்னிப்பு' படத்தில், கண்ணதாசன் எழுதிய 'எல்லோரும் கொண்டாடுவோம்' பாட்டில் அவரும் சௌந்தரராஜனும் சேர்ந்து பாடியிருக்கிறார்கள். இரண்டு கம்பீரக் குரல்களும் ஒன்றையொன்று மிதிக்காமல் போவதைக் கேளுங்கள்.

புதியதில் இதற்கு ஜோடியாக நான் சொல்வது ஓர் இந்திப் பாட்டு. 2011-ல் வந்த 'ராக்ஸ்டார்' படத்தின் 'குன் ஃபயகுன்'. இர்ஷாத் காமில் எழுத, ரகுமான் இசையில் அவரோடு ஜாவித் அலியும் மோஹித் சௌஹானும் பாடினார்கள். தில்லியில் நிஜாமுத்தீன் அவுலியா தர்காவில் எடுத்த காட்சி. மொழி புரியாவிட்டால் பரவாயில்லை. கைதட்டலும் ஹார்மோனியமும் கூட்டுக்குரலும் ஏறி ஏறிப் போய், ஓரிடத்தில் எல்லாம் அடங்கி ஒற்றைக் குரல் மட்டும் நிற்கிறது. தாயிராவைக் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த இடம் அந்நியமாக இருக்காது.

நம் நாட்டில் பிறந்த பாட்டுகளைப் பற்றிச் சொல்லாமல் போனால் அது பெரிய குறை. போர்த்துக்கேயர் வழியாக வந்த பைலா தாளம் இந்தத் தீவு முழுவதும் பரவிக் கிடக்கிறது. மட்டக்களப்புப் பறங்கியர் தம் கலியாணங்களில் அந்த ஆட்டத்தை இன்னும் வைத்திருக்கிறார்கள். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யும் ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யும் அந்தத் தாளத்தில் தமிழை ஏற்றிய பாட்டுகள். 'சுராங்கனி' கடல் தாண்டி, 1977-ல் 'அவர் எனக்கே சொந்தம்' என்ற படத்தில் இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவன் குரலில் வந்தது. கலியாண வீட்டு ஆட்டப் பாட்டு என்று இவற்றை ஒதுக்காதீர்கள். யாழ்ப்பாணத்துப் பேச்சும் சிங்களமும் போர்த்துக்கேயத் தாளமும் சண்டை போடாமல் ஒரு பாட்டில் சேர்ந்திருந்த காலத்தின் பதிவு இவை. இதோடு யொஹானியும் சதீஷனும் 2021-ல் பாடிய 'மெனிகே மகே ஹித்தே'யைக் கேளுங்கள். சிங்களப் பாட்டு, உலகம் முழுவதும் போனது. யொஹானியை எல்லாருக்கும் தெரியும். எழுதியவர் டுலான், இசையமைத்தவர் சமத் சங்கீத் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

மெல்லிசையில் எஸ். கே. பரராஜசிங்கத்தின் பாட்டுகளைத் தேடிக் கேளுங்கள். சினிமாவைப் பின்பற்றாமல் ஈழத்துக் கவிஞர்களின் வரியை மரியாதையோடு பாடிய குரல் அது. இந்தக் கரையிலேயே பெரியநீலாவணையில் வாழ்ந்து 1975-ல் மறைந்த நீலாவணனின் கவிதைகள் பாடுவதற்கென்றே வார்த்தவை போன்ற சந்தம் கொண்டவை. அவருடைய 'ஓ வண்டிக்காரா'வை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், மெட்டுத் தானாக வரும். காரைதீவில் 1892-ல் பிறந்த விபுலாநந்த அடிகள் பழந்தமிழிசையை ஆராய்ந்து 'யாழ் நூல்' எழுதினார். 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அது அரங்கேறியது, அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். இந்தக் கடற்கரை பாட்டை மட்டுமல்ல, பாட்டின் சாஸ்திரத்தையும் தமிழுக்குக் கொடுத்திருக்கிறது. அந்தத் துணிவோடு நாம் கேட்கலாம்.

பிள்ளைகளே, பழைய பாட்டுக்கு உங்களைப் புதிய படங்களே கூட்டிப் போவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். 1991 நவம்பர் 5, தீபாவளி நாளில் 'தளபதி'யும் 'குணா'வும் ஒன்றாக வந்தன. இரண்டுக்கும் இசை இளையராஜா. 2018-ல் '96' படம் 'தளபதி'யின் 'யமுனை ஆற்றிலே'யை உங்கள் வயதுக்காரரிடம் கொண்டுவந்து சேர்த்தது. 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் 'குணா'வின் கடிதப் பாட்டை எல்லாப் போனிலும் ஒலிக்கச் செய்தது. ஆனால் உங்களில் பலர் அதன் கடைசித் துண்டை மட்டும் கேட்டிருப்பீர்கள். அது வாலி எழுதிய பாட்டு. முழுதாகக் கேளுங்கள். எழுதத் தெரியாத ஒருவன் தன் மனதில் உள்ளதைச் சாதாரணப் பேச்சில் சொல்கிறான். அதைக் கமல்ஹாசன் பேச்சாகவே சொல்கிறார். கதாநாயகி அதைக் கடிதமாக்கிப் பாடிக் காட்டுகிறாள். அது எஸ். ஜானகி. அவன் தடுமாறிச் சொன்னது அவள் வாயில் ராகமாகித் திரும்பி வருகிறது. பேச்சு பாட்டாகும் அந்த இடத்தை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் வேறொரு திரைப்பாட்டு எனக்குத் தெரியாது. அந்தத் தடுமாற்றத்தை எல்லாம் கேட்டு வந்தால்தான் நீங்கள் அறிந்த அந்தக் கடைசித் துண்டின் கனம் தெரியும். முப்பது விநாடியில் அது கிடைக்காது.

பெரியவர்களே, உங்களுக்கும் ஒன்று. இளையராஜாவைப் பழைய ஆள் என்று எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நிறுத்திவிடாதீர்கள். 2023-ல் வந்த 'விடுதலை' படத்தின் 'ஒன்னோட நடந்தா'வைக் கேளுங்கள். சுகா எழுதி, தனுஷும் அனன்யா பட்டும் பாடியது. அப்போது இளையராஜாவுக்கு எண்பது வயது நெருங்கியிருந்தது. அன்னக்கிளியில் இருந்த பச்சை மண் வாசம் அதில் அப்படியே இருக்கிறது. அதை உங்கள் பேரப்பிள்ளைகளிடம் கேட்டுப் போட்டுத்தரச் சொல்லுங்கள். பதிலுக்கு நீங்கள் ஒரு பாட்டை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

கேட்கும் முறை பற்றி இரண்டு வார்த்தை. போனின் சின்ன ஸ்பீக்கரில் மிருதங்கத்தினதும் தபேலாவினதும் கிட்டாரினதும் அடிநாதம் சரியாகக் கேட்காது. பாதிப் பாட்டைத்தான் கேட்கிறீர்கள். ஹெட்போன் போடுங்கள், அல்லது வீட்டில் நல்ல ஸ்பீக்கர் இருந்தால் அதில் கேளுங்கள். ஒரு கிழமைக்கு ஒரு ஜோடி போதும்.

இவ்வளவு நேரமும் நான் சொன்ன பாட்டுகளில் பெரும்பாலானவை அழிந்து போகாது. சௌந்தரராஜன், ஜானகி, ஹனீபா, அறிவு எல்லாரும் பதிவில் இருக்கிறார்கள். நான் கவலைப்படுவது அம்பாவுக்கும் கவிக்கும், பொல்லடி ஆடும்போது அண்ணாவியார் எடுத்துக் கொடுக்கும் பாட்டுக்கும், சூடு மிதிக்கும் களவெட்டியில் பாடிய பொலிப் பாட்டுக்கும்தான். நெல்லை வெட்டுவதையும் அடிப்பதையும் இப்போது ஒரே மெஷின் செய்கிறது. வேலையோடு பிறந்த பாட்டு, வேலை மாறியதும் பாடுவதற்கு இடம் இல்லாமல் மூத்தவர்களின் நினைவில் மட்டும் தங்கியிருக்கிறது. அவர்களோடு அது போய்விடும். சுனாமியும் யுத்தமும் இந்தக் கரையில் எத்தனை பாட்டுக்காரரைக் கொண்டுபோயின என்று கணக்கெடுத்தவர் இல்லை.

ஆகையால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ அயலிலோ கவியோ அம்பாவோ குளிர்த்தியோ பைத்தோ பாடத் தெரிந்த மூத்தவர் இருந்தால், அவரிடம் அனுமதி கேட்டு, இந்தக் கிழமையே உங்கள் போனில் பதியுங்கள். பாட்டுக்கு முன்னால் அவர் தன் பெயரையும் ஊரையும், யாரிடம் கற்றார், எப்போது பாடுவார் என்பதையும் தன் வாயாலேயே சொல்லட்டும். நடுவில் மறந்தால் மறக்கட்டும், இருமினால் இருமட்டும், நிறுத்தாதீர்கள். பின்னணி இசை எதுவும் சேர்க்காதீர்கள். திகதியைக் குறியுங்கள். ஒரு பிரதியை உங்கள் ஊர் நூலகத்தில் கொடுங்கள். 2005-லிருந்து ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் இணையத்தில் சேர்த்துவரும் நூலக நிறுவனம் ஒலிப்பதிவுகளையும் ஆவணகத்தில் வைக்கிறது, அவர்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். இங்கே வந்திருக்கும் ஆசிரியர்கள் பிள்ளைகளுக்கு அடுத்த தவணை விடுமுறை வேலையாக இதையே கொடுக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.